மத்தியானம் போய்ச் சேரும் காலை மெயில்

பிப்ரவரி 3

அன்புள்ள தம்பிக்கு,

அண்ணி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். அந்த நம்பிக்கை அவ்வளவாக இல்லை என்பது வேறு விஷயம்.

இந்தக் காலத்தில் யார் வெளிநாட்டுக்குத் தாளில் எழுதி ஸ்டாம்ப் ஒட்டுகிறார்கள் என்று கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்திருப்பாய். போனில் பேசலாமென்றால் உன் அண்ணன் எந்நேரமும் பக்கத்து அறையிலேயே இருக்கிறார். பக்கவாதம் வந்த பிறகு தொழில் கவலையை அவர் காதில் போடக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். மெயில் அனுப்பலாமென்றால், என் தலைவலியே அந்த மெயில்தான்.

நம் தொழில் உனக்குத் தெரியும். பம்ப்புக்குப் போடும் ரப்பர் சீலுக்குக் காலையில் விலை கேட்பார்கள், மத்தியானத்துக்குள் யாரிடம் வாங்குவது என்று முடிவு செய்துவிடுவார்கள். நாம் பத்து மணிக்கு அனுப்பும் விலை இரண்டு மணிக்கு, மூன்று மணிக்குப் போய்ச் சேருகிறது. பெரிய பம்ப் கம்பெனியின் பர்ச்சேஸ் மேனேஜர், "மேடம், உங்க ரேட் நல்ல ரேட்தான். ஆனா அது வர்றதுக்குள்ள நாங்க வேற ஆளுக்கு ஓகே சொல்லிடுறோம்" என்கிறார். ஏப்ரலில் அவர்கள் வருஷ ஆர்டர் தருவார்கள். அது கைநழுவினால் கீழே இருக்கும் மெஷின்களில் பாதியை நிறுத்த வேண்டியதுதான்.

மெயில் எல்லாம் அனுப்புவது ஆபீஸ் கிளார்க். எதையும் மெதுவாகச் செய்வதால் அவளுக்கு நான் வைத்திருக்கும் பேர் நிதானம். நமக்குப் போட்டியாக இருக்கும் கம்பெனியிலிருந்து வந்தவள். நீயே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொள்.

நீ மெயில் சர்வரோடு குடித்தனம் நடத்துகிறவன். இதற்கு ஒரு வழி சொல்.

அன்புடன்,
அண்ணி

பிப்ரவரி 14

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

நான் நலம். சாப்பாடும் நடக்கிறது, நம்புங்கள். போன தடவை பேசும்போது நடுநடுவே இருமிக்கொண்டே இருந்தீர்களே, டாக்டரிடம் காட்டினீர்களா? அண்ணன் எப்படி இருக்கிறார்? பேச்சுப் பயிற்சி நடக்கிறதா?

மெயில் பட்டனைத் தட்டியதும் பறந்து போய் விழுந்துவிடும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவும் இடையில் இரண்டு மூன்று இடங்களில் இறங்கி ஏறித்தான் போகிறது. ஒவ்வொரு இடத்திலும் அங்கிருக்கும் சர்வர், மெயில் வந்த நேரத்தை முத்திரை மாதிரிக் குத்தி அனுப்பும். நாம் சாதாரணமாகப் பார்க்கும்போது அது கண்ணில் படாது. தாமதமாக வந்த நம் மெயில் இரண்டு மூன்றை அந்த முழு விவரத்தோடு பிரிண்ட் எடுத்துத் தரும்படி பர்ச்சேஸ் மேனேஜரிடம் கேளுங்கள். அவர்கள் கம்ப்யூட்டர் ஆளுக்குச் சொன்னால் தெரியும். எந்த ஸ்டாப்பில் வண்டி நின்றது என்று பார்த்துவிடலாம்.

அதுவரை கிளார்க்கை ஒன்றும் சொல்ல வேண்டாம், அண்ணி. மெதுவாக வேலை செய்வது குற்றம் என்றால் என்னை எப்போதோ தூக்கில் போட்டிருப்பார்கள்.

அன்புடன்,
தம்பி

பிப்ரவரி 26

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நீ கேட்ட பிரிண்ட் இத்துடன் இருக்கிறது. மேனேஜர் நல்ல மனுஷர், கேட்டதும் கொடுத்தார். எனக்கு அதில் ஒரு எழுத்துகூடப் புரியவில்லை.

அண்ணன் அப்படியேதான் இருக்கிறார். வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. பேச்சுப் பயிற்சிக்காரர் வந்து போகிறார். அவரிடம் நாலு வார்த்தை பேசுகிறார், என்னிடம் தலையை மட்டும் ஆட்டுகிறார். தினமும் காலையில் ஒரு வாடிக்கைக்காரரையும் விடாமல் போன் போட்டு, "என்னப்பா, எப்படி இருக்கே" என்று ஊரையே கூட்டிக்கொண்டிருந்த மனுஷர். நாக்கு குழறுவதை யார் காதிலும் விழவிடக் கூடாது என்று வைராக்கியம் போல.

நிதானத்தைப் பற்றி ஒன்று சொல்கிறேன், நீயே சொல். காலையில் வந்ததும் நேரே அண்ணன் அறைக்குப் போகிறாள். இருவரும் கம்ப்யூட்டரில் எதையோ குனிந்து பார்க்கிறார்கள். நான் உள்ளே போனால் சட்டென்று வேறு பக்கத்தைத் திறந்துகொள்கிறாள். "என்னம்மா அது" என்றால், "சும்மாதான் மேடம்" என்கிறாள். அவரிடமிருந்து விலையைத் தெரிந்துகொண்டு பழைய இடத்துக்குச் சொல்கிறாளோ, அவர்கள் முந்திக்கொள்ளட்டும் என்று நம் மெயிலைப் பிடித்து வைக்கிறாளோ, யார் கண்டது.

மார்ச் கடைசியில் அவளை நிறுத்திவிடலாம் என்று இருக்கிறேன். அவள் சம்பளத்தில்தான் அவள் வீடு ஓடுகிறது என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் ஒரு மாதமாக யோசிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணி

மார்ச் 9

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

நலம். இருமலைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே.

பிரிண்ட் பார்த்தேன். கிளார்க் பத்து மணிக்கு அனுப்பியது பத்து மணிக்கே நம் சர்வருக்குப் போய்விட்டது. அதோடு அவர் வேலை முடிந்தது, பிடித்து வைக்க அவரால் முடியவே முடியாது. மெயில் மணிக்கணக்காக நின்றது நம் ஆபீஸ் மூலையில் இருக்கும் அந்தக் கறுப்புப் பெட்டிக்குள், அதாவது சர்வருக்குள்தான். ஏன் நின்றது என்பதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் பொறுங்கள்.

இப்போதைக்கு ஒன்று செய்யுங்கள். விலை அனுப்பும்போது கனமான வரைபடங்களைக் கூடவே சேர்க்க வேண்டாம். விலையை மெயிலிலேயே எழுதி அனுப்பிவிட்டு, "அனுப்பியிருக்கிறோம், வந்ததா பாருங்கள்" என்று ஒரு போன் போடச் சொல்லுங்கள்.

அவரை நிறுத்த வேண்டாம். இதை மட்டும் எனக்காகச் செய்யுங்கள்.

அன்புடன்,
தம்பி

மார்ச் 9

அன்புள்ள அண்ணனுக்கு வணக்கம்.

உடம்பு எப்படி இருக்கிறது? இடது கையால் ஸ்பூன் பிடிக்கப் பழகிவிட்டதாக அண்ணி போனில் சொன்னார்கள். இந்தக் கடிதம் உங்களுக்கு மட்டும்.

தினமும் நீங்கள் மெயிலில் அனுப்பும் காலை வணக்கம் எனக்கும் வருகிறது. பூப்படம், கடல் படம், போன வாரம் அந்தக் கொட்டாவி விடும் பூனை. எனக்கு அது சாயங்காலம்தான் வரும். ஊருக்கு ஊர் நேரம் வித்தியாசம் இருக்கிறதே என்று நானாக நினைத்துக்கொண்டேன். மெயில் சர்வரைக் கட்டி மேய்க்கிறவன் இப்படி நினைத்தேன் என்று வெளியே சொல்லிவிடாதீர்கள்.

நம் சர்வருக்குள் போய்ப் பார்த்தேன். காலையில் மூவாயிரம் வணக்கம் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருகிறது, ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு பெரிய படம். வாசல் ஒன்றுதான், அண்ணே. பத்து மணி விலைப்பட்டியல் அவர்களுக்குப் பின்னால் வரிசையில் நிற்கிறது. எதிர்ப்பக்கத்துச் சர்வர்களும், "யாரது, ஒரே இடத்திலிருந்து இத்தனை பேர்? அப்புறம் வாங்க" என்று திருப்பி அனுப்புகின்றன. உங்கள் முகவரிகளில் கால்வாசி செத்துப்போனவை. மூடிப்போன கம்பெனிகள், விட்டுப்போன வேலைகள். பூட்டிய வீட்டை நம் பெட்டி நாளெல்லாம் தட்டிக்கொண்டிருக்கிறது.

இதனால் ஆர்டர் போகிறது. அதைவிட, கிளார்க்தான் மெயிலைப் பிடித்து வைக்கிறார் என்று அண்ணி நினைத்து, இந்த மாதக் கடைசியில் அவரை நிறுத்தப் போகிறார்கள். அவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குப் புரிகிறது. நீங்கள் சொல்ல வேண்டாம் என்று கேட்டிருப்பீர்கள்.

நான் அண்ணியிடம் சொல்லலாம். அது சரியாக இருக்காது என்று தோன்றுகிறது. வணக்கத்தை நிறுத்தச் சொல்லவில்லை, வேறு வழி இருக்கிறது. முதலில் நீங்கள் சொல்லிவிடுங்கள்.

உங்கள்
தம்பி

மார்ச் 21

தம்பி,

இடது கை எழுத்து. கோழி கிளறியது மாதிரி இருக்கும். பொறுத்துக்கொள்.

நான்தான் வாசலை அடைத்துக்கொண்டு நின்றேனா. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது.

போனில் பேச முடியவில்லை. ஒரு காலை சும்மா கிடந்தேன். மறு காலை, எல்லோருக்கும் மெயிலில் வணக்கம் சொல்ல முடியுமா என்று இந்தக் கிளார்க் பெண்ணிடம் சைகையில் கேட்டேன். அவள்தான் என் பழைய டைரிகளைப் பார்த்து முகவரிகளை ஏற்றித் தந்தாள். மூன்று மாதம் எடுத்தாள். சிலர் பதில் போடுகிறார்கள். "அண்ணாச்சி, நல்லா இருக்கீங்களா" என்று. அதைப் படித்தால் அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கும்.

உன் அண்ணிக்குத் தெரிந்தால் ஓய்வு எடு என்பாள். ஆகவே சொல்லாதே என்றேன். இந்தப் பெண்ணின் வேலை போகும் என்று எனக்குத் தெரியாது.

எப்படிச் சொல்வது என்று பார்க்கிறேன். வாய் ஒத்துழைக்க வேண்டும்.

அண்ணன்

மார்ச் 24

தம்பிக்கு,

நலம். உன் கடிதம் வந்தது. "பார்த்துக்கொண்டிருக்கிறேன்", "கொஞ்சம் பொறுங்கள்". இதையே ஆஸ்பத்திரியில் போன வருஷம் நிறையக் கேட்டுவிட்டேன். காரணம் தெரியாமல் நீ இப்படி எழுதுகிறவன் இல்லை. தெரிந்துகொண்டுதான் மறைக்கிறாய். யாரைக் காப்பாற்றுகிறாய்?

நீ சொன்னபடி விலையை எழுதி அனுப்பி, போனும் போடச் சொன்னேன். "இன்னும் வரலையே மேடம், நீங்க போன்லயே சொல்லிடுங்க" என்கிறார்கள். போனில் சொன்னால் எழுத்தில் கேட்கிறார்கள். எழுத்து மத்தியானம் போகிறது. மறுபடி பழைய குருடி கதைதான்.

நிதானத்துக்குக் கொடுக்க வேண்டிய கடிதத்தை என் கையாலேயே எழுதி வைத்துவிட்டேன். ஆபீஸில் எல்லாக் கடிதத்தையும் டைப் செய்வது அவள்தானே, இதை அவளிடமா கொடுக்க முடியும். எழுதி முடித்ததிலிருந்து அவள் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. இன்றைக்கு என் மேஜையில் ஒரு டம்ளர் வெந்நீர் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனாள். நான் கேட்கவில்லை.

முப்பதாம் தேதி கொடுக்கப் போகிறேன். அதற்குள் சொல்ல உன்னிடம் ஏதாவது இருந்தால் சொல்.

அண்ணி

மார்ச் 30

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நிஜமாகவே நலம். போன கடிதத்தில் உன்னைக் கடித்து வைத்திருந்தேன், மனதில் வைத்துக்கொள்ளாதே.

இன்று காலை நிதானத்தைக் கூப்பிட்டு, "உக்காரும்மா" என்றேன். கவர் டிராயரில் இருந்தது. டிராயரை இழுக்கும்போது கதவருகே தடியின் சத்தம். உன் அண்ணன் நிற்கிறார். உடம்பு சரியில்லாமல் போனதற்குப் பிறகு அவர் தன் அறையைத் தாண்டி ஆபீஸுக்குள் வந்ததே இல்லை. சட்டைப் பொத்தானை ஒன்று விட்டு ஒன்று போட்டிருந்தார்.

"இரு" என்றார். அப்புறம் ஒவ்வொரு வார்த்தையாகத் தேடித் தேடி எடுத்தார். "அவ... இல்ல. மெயில்... லேட்டு... நான். நான்தான்."

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. நிதானம் பதறி எழுந்து, "சார், விடுங்க சார், நான் சொல்லிக்கிறேன்" என்றாள்.

"நீ சும்மா இரு" என்றார். தம்பி, அந்த மூன்று வார்த்தையில் ஒரு குழறல் இல்லை. ஒரு வருஷத்துக்குப் பிறகு இந்த ஆபீஸில் அவர் போட்ட முதல் அதட்டல். கீழே மெஷின்காரர்கள் நிமிர்ந்து பார்த்திருப்பார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது, சந்தோஷத்தில்தான்.

மெதுவாக எல்லாவற்றையும் சொன்னார். விட்ட இடங்களை அவள் நிரப்பினாள். நீ எழுதிய கடிதத்தையும் காட்டினார். கொட்டாவி விடும் பூனையைத் தேர்ந்தெடுத்தது அவளாம். அதற்குத்தான் நிறையப் பதில் வந்ததாம். விலை ரகசியம் கடத்துகிறாள் என்று நினைத்தேனே, இருவரும் பூனையைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

கவரை அப்படியே எடுத்து நாலாகக் கிழித்துக் கூடையில் போட்டேன். ஒரு துண்டு வெளியே விழுந்தது. அவள் நிதானமாகக் குனிந்து எடுத்துக் கூடையில் போட்டாள். என்ன தாள் என்று கேட்கவில்லை. கொடுப்பதற்குமுன் அவர் வந்தாரே, அந்த மட்டும் பிழைத்தேன்.

ஒன்றே ஒன்று. மூவாயிரம் பேருக்கு வணக்கம் சொல்கிறவர், நான் அடுத்த அறையில்தான் இருக்கிறேன். சும்மா எழுதினேன். நீ பெட்டியைச் சரிசெய். அவர் வணக்கம் நிற்கக் கூடாது, என் விலையும் நிற்கக் கூடாது.

அன்புடன்,
அண்ணி

ஏப்ரல் 10

அன்புள்ள அண்ணிக்கு வணக்கம்.

நலம். உங்கள் கடிதத்தை ஆபீஸ் மாடிப்படியிலேயே உட்கார்ந்து படித்தேன். ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். அன்று கீழே போய் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டேன்.

பெட்டியை இங்கிருந்தே சரிசெய்துவிட்டேன். வணக்கத்துக்குத் தனி வாசல் வைத்திருக்கிறேன், விலைப்பட்டியலின் வழிக்கு அது வராது. வணக்கம் இனி எல்லோருக்கும் ஒரே மூச்சில் போகாது, சின்னச் சின்னக் கூட்டமாகப் போகும். அப்போதுதான் எதிர்ப்பக்கத்தார் சந்தேகப்பட மாட்டார்கள். படத்தையும் சிறிதாக்க வேண்டும், அண்ணனிடம் சொல்லுங்கள், பூனை சின்னதாக இருந்தாலும் பூனைதான். நம் சர்வர் நம்முடையதுதான் என்று மற்றவர்கள் சரிபார்த்துக்கொள்ளும் பதிவு ஒன்று உண்டு. அதைப் புதுப்பிக்காமலே இருந்திருக்கிறது, அதையும் செய்துவிட்டேன். இத்தனை நாள் அடையாளச் சீட்டு இல்லாமல் போய் நின்றால் யார் உள்ளே விடுவார்கள்.

செத்துப்போன முகவரிகளை எடுத்தாக வேண்டும். அதை நான் செய்ய மாட்டேன். அண்ணன்தான் செய்ய வேண்டும். அவர் ஆட்கள்.

கிளார்க்குக்கு ஒரு வேலை. எந்த மெயிலுக்கும் தலைப்பில் விஷயம் என்ன, அவசரமா இல்லையா என்று தெளிவாகப் போடச் சொல்லுங்கள். வந்து சேர்ந்த மெயில் திறக்காமல் கிடந்தால் அதுவும் தாமதம்தானே.

இருமல் என்ன ஆயிற்று? மூன்றாவது தடவையாகக் கேட்கிறேன். அண்ணனுக்கும் எழுதப் போகிறேன்.

அன்புடன்,
தம்பி

ஏப்ரல் 22

தம்பி,

நலம். கை கொஞ்சம் தேறியிருக்கிறது, எழுத்தைப் பார்த்தாலே தெரியும்.

முகவரிகளை நானும் அந்தப் பெண்ணுமாக உட்கார்ந்து பார்த்தோம். மூடிய கம்பெனிகளை எடுத்துவிட்டேன். ஒரு தடவை வாங்கினவன் என்றைக்கும் நம் ஆள் என்று வைத்திருந்தேன். ஆள் இருக்கிறான், கம்பெனி இல்லை. என்ன செய்வது.

இரண்டு பேர் இறந்தே போயிருக்கிறார்கள். எனக்கு யாரும் சொல்லவில்லை. போன் பேசிக்கொண்டிருந்தால் தெரிந்திருக்கும். ஒருவர் எனக்கு முதல் ஆர்டர் கொடுத்தவர். அவர் பெயரை எடுக்க ஒரு நாள் ஆயிற்று. அவர் மகனுக்கு எழுதினேன். படம் இல்லாமல், நாலு வரி. அன்றைக்கே பதில் வந்தது. கடைசிவரை என் வணக்கத்தை அவருக்குப் படித்துக் காட்டினானாம்.

இப்போது தினமும் பத்துப் பேருக்குத் தனித்தனியாக எழுதுகிறேன். மற்றவர்களுக்குப் பூனை.

உன் அண்ணியின் இருமலைப் பற்றி எழுதியிருந்தாய். எனக்குக் காது நன்றாகக் கேட்கிறது. பார்த்துக்கொள்கிறேன்.

அண்ணன்

மே 5

அன்புள்ள தம்பிக்கு,

எல்லோரும் நலம். முதலில் தொழில். பம்ப் கம்பெனியின் வருஷ ஆர்டர் நமக்கே வந்துவிட்டது. விலை கேட்ட மெயில் வந்து, நிதானம் அவளுக்கே உரிய வேகத்தில் இரண்டு தடவை சரிபார்த்து அனுப்பினாள். நான் போனைக் கையில் எடுப்பதற்குள் மேனேஜரே கூப்பிட்டார். "மேடம், வந்துடுச்சு. என்ன ஆச்சு உங்க ஆபீஸுக்கு?" என்றார். எல்லா மெஷினும் ஓடுகிறது. கீழே காதைப் பிளக்கிறது, கேட்கச் சுகமாக இருக்கிறது.

நிதானத்துக்குச் சம்பளம் கூட்டியிருக்கிறேன். "எதுக்கு மேடம்" என்றாள். "வெந்நீருக்கு" என்றேன். அவளிடம் அந்தக் கவரைப் பற்றி இன்னும் சொல்லவில்லை. ஒருநாள் சொல்வேன்.

நீ திரும்பத் திரும்பக் கேட்டும் நான் பதில் எழுதாத விஷயம் ஒன்று இருக்கிறது. போன குளிர்காலத்திலிருந்தே இருமல் விடவில்லை. வீட்டில் ஒருவர் படுத்திருக்கும்போது நானும் போய் டாக்டர் முன்னால் உட்கார எனக்குப் பயமாக இருந்தது, தம்பி. ஏதாவது பெரிதாகச் சொல்லிவிட்டால் இந்த வீட்டை யார் பார்ப்பது? அதனால் இருமல் இல்லாத மாதிரியே எழுதிக்கொண்டிருந்தேன்.

போன திங்கட்கிழமை காலையில் விலைகளைப் பார்க்க மெயிலைத் திறந்தேன். மேலேயே ஒன்று, உன் அண்ணனிடமிருந்து. தலைப்பில், நீ சொல்லிக் கொடுத்தபடி, "அவசரம்" என்று இருந்தது. உள்ளே படம் கிடம் ஒன்றும் இல்லை. அப்படியே எழுதுகிறேன்:

"ராத்திரியெல்லாம் இருமுகிறாய். நான் தூங்குவதாக நினைக்கிறாய். டாக்டருக்கு மெயில் போட்டு வியாழக்கிழமைக்கு நேரம் வாங்கிவிட்டேன். நானும் வருகிறேன். உனக்குச் சொல்லப் பயமாக இருந்தால் நான் சொல்கிறேன். மெதுவாகச் சொல்வேன், அவர் காத்திருக்கட்டும்."

வியாழக்கிழமை போனோம். அவர்தான் பேசினார். டாக்டரும் காத்திருந்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு, நெஞ்சில் ஒன்றும் இல்லை, கீழே சீல் ஒட்டாமலிருக்கத் தூவும் பவுடர்தான் காரணம், முகமூடி போடுங்கள் என்றார். மருந்து கொடுத்திருக்கிறார், இப்போது பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. வெளியே வந்து படியில் உட்கார்ந்துவிட்டேன்.

திங்கட்கிழமை படித்ததுமே அந்த மெயிலை அனுப்பிய நேரத்தையும் வந்த நேரத்தையும் பார்த்தேன். ஒரே நிமிஷம். உன் வேலை சுத்தம்.

அவருக்குப் பதில் எழுதவில்லை. எழுந்து அடுத்த அறைக்குப் போனேன்.

அன்புடன்,
உன் அண்ணி